புதிய விண்டோஸ் போடுவதற்கு முன் ஒரு நிமிடம்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் பின்னேரம், கொழுந்து நிறுத்து முடித்த ஒரு தாய் வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் காரியாலயத்துக்கு வந்தார். கூடையை வாசலில் இறக்கி வைத்தார். மகன் கொண்டுவந்த லப்டொப் பையை மேசைமேல் வைத்தார். "ஐயா, மெஷின் புதுசு மாதிரி ஓடுது. ஆனா உள்ளுக்கு ஒன்னுமே இல்லீங்க" என்றார்.

பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டியிருந்த 2021ஆம் ஆண்டில், சீட்டுக் காசை எடுத்து அவர் வாங்கிய பழைய மடிக்கணினி அது. வர வர மிகவும் மெதுவாகிவிட்டது. "இது பழைய விண்டோஸ், இனிப் பாதுகாப்பு இல்லை, புதுசு போடணும்" என்று யாரோ சொல்ல, டவுனில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரத் தம்பி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறார்: "டேட்டா ஏதும் வேணுமா அம்மா?" அந்தத் தாய்க்கு டேட்டா என்றால் போனுக்குப் போடுவதுதான். "வேணாம் தம்பி, நேத்துதான் ரீலோட் போட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தையோடு மகனின் உயர்தரப் பாடக் குறிப்புகள், பாதி முடித்திருந்த செயற்றிட்டம், குடும்பத்தின் பத்திரங்களைப் படம்பிடித்து வைத்திருந்த கோப்புறை, காலமான பாட்டியின் படங்கள் எல்லாம் அழிந்துவிட்டன.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. தாயும் பொய் சொல்லவில்லை. ஒரு சொல் இருவருக்கும் இரண்டு பொருள் தந்துவிட்டது, அவ்வளவுதான். இப்படி இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

விண்டோஸ் என்பது என்ன?

கணினியைத் திறந்தவுடன் முதலில் எழும்பி, மற்ற எல்லாவற்றையும் வேலை வாங்குவதுதான் விண்டோஸ். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இதைப் பணிசெயல் முறைமை என்று படிக்கிறார்கள். காலையில் பெரட்டில் நின்று இன்னார் இந்த மலைக்கு, இன்னார் ஸ்டோருக்கு என்று பிரித்துவிடுவதைப் போல, எந்த வேலை எங்கே நடக்க வேண்டும் என்று பிரித்துவிடுவது அது. நாம் எழுதிய கடிதம், எடுத்த படம், பிள்ளையின் பாடம் எல்லாம் அதற்கு வேறானவை. அவைதான் நம்முடைய சொத்து. கடைக்காரர் "டேட்டா" என்று சொன்னது அவற்றைத்தான்.

விண்டோஸ் பழுதானால் மறுபடியும் போடலாம். கணினியே போனாலும் வேறொன்றை வாங்கலாம். நம் கோப்புகள் போனால் அவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஏன் எல்லாரும் மாற்றச் சொல்கிறார்கள்?

விண்டோஸைச் செய்கின்ற மைக்ரோசொப்ட் நிறுவனம், ஒவ்வொரு பதிப்புக்கும் குறித்த காலம் வரைதான் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்பும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் திகதியோடும், விண்டோஸ் 8.1க்கு 2023 ஜனவரி 10ஆம் திகதியோடும் அது முடிந்தது. நம் வீடுகளில் அதிகமாக உள்ள விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வழக்கமான திருத்தம் நின்றது.

"நின்னுபோச்சுன்னா மெஷின் ஓடாதா ஐயா?" என்று பலர் கேட்கிறார்கள். ஓடும். லயத்துக் கூரையை நினைத்துப் பாருங்கள். தகரம் மாற்ற வரும் ஆட்கள் இனி வரமாட்டார்கள் என்று சொன்னால், அன்றைக்கே கூரை விழுந்துவிடாது. ஆனால் புதிதாக ஒரு ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. மழைக்கு மழை ஒழுக்கு கூடிக்கொண்டே போகும். கணினியும் அப்படித்தான்.

ஓட்டையை அடைக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2017ஆம் ஆண்டு நடந்ததே போதும். அந்த வருடம் மே 12ஆம் திகதி 'வன்னாகிரை' என்ற நச்சு நிரல் பல நாடுகளில் பரவியது. கணினிக்குள் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டொலர் கொடு என்று கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே வருடம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக நச்சு நிரல் நுழைய முடியவில்லை. போடாதவை மாட்டிக்கொண்டன.

ஆகவே மாற்றுவது நல்லதுதான். ஆனால் அவசரப்பட்டு மாற்றுவது நல்லதல்ல.

உங்கள் கணினி எந்த வயது?

விண்டோஸ் 11 எல்லாக் கணினியையும் ஏற்றுக்கொள்ளாது. அது கேட்பவை இவை: 64 பிட் புரொசசர், குறைந்தது 4 ஜிபி ரெம், 64 ஜிபி இடம், அத்துடன் ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி. இவற்றைவிட முக்கியமானது புரொசசரின் தலைமுறை.

இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் எடுக்கும். அதை இலக்கத்தைப் பார்த்தே அறியலாம். ஸ்டார்ட், செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் புரொசசரின் பெயர் தெரியும். ஐ5-6500 என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் முதல் இலக்கம் 6. அது 6ஆம் தலைமுறை, எடுக்காது. ஐ5-8250 என்றிருந்தால் 8ஆம் தலைமுறை, எடுக்கும். ஐ5-10210 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்து 10ஆம் தலைமுறை என்று வாசிக்க வேண்டும். மைக்ரோசொப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தாலும், எடுக்குமா எடுக்காதா என்று அதுவே சொல்லிவிடும்.

இலக்கம் தெரிந்த பிறகு வழி மூன்று.

முதலாவது வழி: எடுக்கும் கணினி. முறையான விண்டோஸ் 10 இருந்தால் விண்டோஸ் 11க்கு மாறக் காசில்லை. செட்டிங்ஸில் அப்டேட் பகுதிக்குப் போனால் அங்கேயே கிடைக்கும். இதற்காக யாருக்கும் 'லைசன்ஸ்' காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆள் வைத்துச் செய்தால் அவருடைய கூலி மட்டும்தான்.

இரண்டாவது வழி: எடுக்காத கணினி, ஆனால் விண்டோஸ்தான் வேண்டும். வீட்டுப் பாவனைக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13ஆம் திகதி வரை விண்டோஸ் 10 பாதுகாப்புத் திருத்தங்களை நீடித்துத் தருவதாக மைக்ரோசொப்ட் 2025இல் அறிவித்தது. மைக்ரோசொப்ட் கணக்கொன்றைத் திறந்து, கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்க விட்டவர்களுக்கு அது இலவசம். இல்லாவிட்டால் 30 டொலர். இது தவணை வாங்குவது போலத்தான். தவணை முடிந்ததும் அதே கேள்வி திரும்ப வரும். திருத்தம் நின்ற கணினியை இன்டர்நெட்டில் போடாமல் எழுதுவதற்கும் படிப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். வங்கி வேலையை அதில் செய்யவே கூடாது.

மூன்றாவது வழி: லினக்ஸ். இது இலவசமான வேறொரு பணிசெயல் முறைமை. இதில் பல வகைகள் உண்டு; விண்டோஸ் பழகிய கைக்கு 'லினக்ஸ் மின்ட்' இலகு. அதற்கு 4 ஜிபி ரெம் இருந்தால் நல்லது, 2 ஜிபியிலும் ஓடும். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் உண்டு. தமிழில் எழுதலாம். 'லிப்ரே ஒபிஸ்' கூடவே வருகிறது. பிள்ளைகளின் வேர்ட் கோப்புகளை அதில் திறக்கலாம். கணினியில் எதையும் மாற்றாமல், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் மட்டும் போட்டுக்கொள்ளலாம். ஒரு குறை உண்டு. விண்டோஸுக்கென்றே செய்த சில மென்பொருள்கள் இதில் ஓடாது. பிள்ளையின் பாடசாலையில் எதைப் பாவிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எடுக்காத கணினியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். போட முடியும் என்பது உண்மை. ஆனால் அப்படிப் போட்ட கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசொப்ட் பொறுப்பேற்பதில்லை. திருத்தத்துக்காகத்தானே மாற்றுகிறோம்? அது வருமா வராதா என்று தெரியாத ஒன்றுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? அதைவிட மோசமானது 'கிராக்' செய்த கள்ள விண்டோஸ். பூட்டை உடைத்தவர் உள்ளே வேறு எதை வைத்துவிட்டுப் போனார் என்று நமக்குத் தெரியாது.

கவ்வாத்தா, மறுநடுகையா?

விண்டோஸ் போடுவதில் இரண்டு விதம் இருக்கிறது. நம் ஆட்களுக்கு இது சுலபமாக விளங்கும்.

ஒன்று கவ்வாத்து மாதிரி. செடி அதே இடத்தில் நிற்கும், வேரும் அதே வேர், மேலே மட்டும் புதுத் தளிர் வரும். நம் கோப்புகளும் மென்பொருள்களும் இருந்த இடத்திலேயே இருக்க, விண்டோஸ் மட்டும் மாறும்.

மற்றது மறுநடுகை மாதிரி. பழைய செடியை வேரோடு பிடுங்கி, நிலத்தைத் துப்புரவாக்கிப் புதுக் கன்று நடுவது. கடையில் "போமட் அடிக்கிறது" என்று சொல்வது இதைத்தான். நிலம் சுத்தமாக இருக்கும், ஆனால் பழையது எதுவும் மிஞ்சாது. லினக்ஸுக்கு முழுவதுமாக மாறுவதும் இந்த வகைதான். விண்டோஸ் 7இலிருந்து விண்டோஸ் 11க்குப் போவதும் இப்படித்தான்.

விண்டோஸ் 11 போடும்போது, நடுவில் எதை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு கேள்வி வரலாம். 'கீப் பேர்சனல் பைல்ஸ் அன்ட் அப்ஸ்' என்பது எல்லாவற்றையும் வைத்திருக்கும். 'கீப் பேர்சனல் பைல்ஸ் ஒன்லி' என்பது கோப்புகளை மட்டும் வைத்திருக்கும். 'நதிங்' என்பது ஒன்றையும் வைக்காது. அந்த இடத்தில் கை அவசரப்படக் கூடாது.

எந்த விதமானாலும், வரட்சியில் கவ்வாத்து வெட்டினால் செடி பட்டுப்போகும் என்பது நமக்குத் தெரியும். ஆயத்தம் இல்லாமல் கத்தியை எடுக்கக் கூடாது. கணினிக்கு ஆயத்தம் என்பது பிரதி எடுப்பது.

பிரதி எடுக்கும் முறை

1. ஒரு நல்ல பென்டிரைவ் அல்லது வெளியே மாட்டும் வன்தட்டு எடுங்கள். டவுன்லோட்ஸ், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகிய கோப்புறைகளையும், திரையிலேயே கிடக்கும் டெஸ்க்டொப் கோப்புகளையும் அதில் பிரதி செய்யுங்கள். 'கட்' செய்யாதீர்கள், 'கொப்பி' செய்யுங்கள்.

2. சி டிரைவ் மட்டும் அல்ல. டி, ஈ என்று வேறு டிரைவ்கள் இருந்தால் அவற்றையும் திறந்து பாருங்கள். பிள்ளைகள் பாட்டையும் படத்தையும் எங்கெங்கோ வைத்திருப்பார்கள். எல்லாரையும் கூப்பிட்டு, "உன்னுடையது எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள்.

3. எடுத்த பிரதியை வேறொரு கணினியில் போட்டுத் திறந்து பாருங்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை. கோப்பின் பெயர் தெரிவதால் மட்டும் அது சரியாக வந்துவிட்டது என்று நம்ப முடியாது. நாலைந்து படம், இரண்டு கடிதம் திறந்தால் போதும், மனம் நிம்மதியாகும்.

4. முக்கியமானவற்றுக்கு இரண்டு பிரதி. ஒன்று வீட்டில், மற்றது தம்பி வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்கட்டும். மண் சரிவும் நெருப்பும் கண்ட லயங்கள் நம்முடையவை. ஒரே அலுமாரியில் இரண்டையும் வைத்தால் ஒன்று இருப்பது போலத்தான்.

5. ஈமெயில் போன்றவற்றின் கடவுச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கணினிக்கு நினைவிருந்தது நமக்கு நினைவிருக்காது. 'பிட்லொக்கர்' என்ற பூட்டுப் போட்ட கணினியாக இருந்தால் அதன் மீட்புத் திறவுகோல் 48 இலக்கங்கள் கொண்டது. அதையும் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. பிறப்பத்தாட்சிப் பத்திரம், திருமணப் பதிவு, பிரஜாவுரிமைப் பத்திரம் ஆகியவற்றின் மூலப் பத்திரத்தை, கணினியில் படம் இருக்கிறது என்பதற்காக அசட்டையாகப் போட்டுவிடாதீர்கள். நம் பெரியவர்கள் இந்த நாட்டில் அந்தக் காகிதங்களுக்காக எத்தனை காலம் அலைந்தார்கள் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போடுகிற நாள்

வேலையில்லாத நாள் காலையாகப் பாருங்கள். இரவில் எல்லா வீட்டிலும் லைட் எரியும்போது கரண்ட் குறைவாக வரும் லயங்கள் உண்டு. ஏப்ரல் மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரத்தில் இடி மின்னல் அதிகம். மடிக்கணினியின் பெட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து, வயரையும் மாட்டியே வையுங்கள். பெட்டரி பழுதான மடிக்கணினி, மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் உள்ள இடத்தில் செய்வது நல்லது.

விண்டோஸ் 11 இறங்குவதற்குப் பல ஜிபி டேட்டா வேண்டும். அதைப் போன் டேட்டாவில் இறக்கினால் மாதக் காசு ஒரு நாளில் போய்விடும். இணைய வசதி உள்ள ஓரிடத்தில், மைக்ரோசொப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் இறக்கி வந்து போடலாம். அந்தப் பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழியும். எனவே கோப்புகளைப் பிரதி எடுத்த பென்டிரைவை அதற்குப் பாவிக்காதீர்கள்! பிரதி எடுத்ததைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

பழைய கணினியில் ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட எடுக்கும். நடுவில் திரை கறுப்பாகும், தானே அணைந்து எழும்பும். பயந்துபோய் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டு பொறுமையாக இருங்கள்.

போட்ட பிறகு

உடனே பார்க்க வேண்டியவை: கோப்புகள் இருக்கின்றனவா, வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, தமிழில் எழுத முடிகிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா. விண்டோஸ் 10இலிருந்து கவ்வாத்து முறையில் 11க்கு மாறியிருந்தால், பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்பப் போக 10 நாட்கள் உண்டு. செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி என்ற இடத்தில் 'கோ பேக்' இருக்கும். 10 நாள் கழிந்தால் அது இல்லை. அதனால் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் பாவித்துப் பாருங்கள்.

மெதுவாக ஓடுவது மட்டும்தான் பிரச்சினை என்றால், புது விண்டோஸ் அதற்கு மருந்தல்ல. பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரெம்மைக் கொஞ்சம் கூட்டினால்தான் பெரிய வித்தியாசம் தெரியும்.

கடையில் கொடுக்கிறவர்களுக்கு

எல்லாருக்கும் இதைத் தாங்களே செய்ய முடியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கொடுக்கும்போது இப்படிச் சொல்லுங்கள்: "உள்ளுக்கு இருக்கிற படம், பாடம், பத்திரம் எல்லாம் எங்களுக்கு வேணும். ஒன்றையும் அழிக்க வேணாம். அழிக்காமச் செய்ய முடியாதுன்னா, தொடங்க முந்தி எங்களுக்குச் சொல்லுங்க." அதையே ஒரு காகிதத்தில் எழுதிக் கணினியில் ஒட்டிக் கொடுங்கள். முறையான விண்டோஸா, கிராக் செய்ததா என்றும் கேளுங்கள். விளங்காத சொல் வந்தால், "அப்படின்னா என்ன தம்பி?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். அந்தத் தாய் அன்றைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

தவறி அழிந்துவிட்டால், அந்தக் கணினியில் அதற்குப் பிறகு எதையும் எழுதாமல் அணைத்து வையுங்கள். புதிதாக எதுவும் எழுதப்படாத பழைய வகை வன்தட்டிலிருந்து, தெரிந்தவர்கள் சில கோப்புகளை மீட்பதுண்டு. பாவித்துக்கொண்டே இருந்தால் அந்த வாய்ப்பும் குறையும். எஸ்எஸ்டியில் வாய்ப்பு இன்னும் குறைவு.

அந்தக் குடும்பத்தின் கதையை முடிக்காமல் விடக் கூடாது. மூலப் பத்திரங்கள் றங்குப் பெட்டியில் இருந்ததால் தப்பின. மகனின் பாடக் குறிப்புகளில் ஒரு பகுதி கூட்டாளியின் வட்ஸ்அப்பில் கிடைத்தது. செயற்றிட்டத்தை இரவிரவாக விழித்திருந்து திரும்ப எழுதினான். பாட்டியின் படங்கள் மட்டும் கிடைக்கவில்லை. மலையில் கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு படம் அதில் இருந்ததாம். இப்போது அவர்களிடம் மிஞ்சியிருப்பது அடையாள அட்டையில் உள்ள சின்னப் படம் ஒன்றுதான்.

ஒரு பென்டிரைவும் அரை மணி நேரமும் போதும், அந்தப் படம் இன்றைக்கும் இருந்திருக்கும். ஆகவே உறவுகளே, விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றுங்கள். பிரதியை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிடுங்கள்.